பெட்டியில் வெள்ளை இல்லை

1

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. எதற்குப் போடுகிறேன் என்று தெரிந்து வைத்திருப்பது என் மகள் பிரிசில்லாவின் வேலை.

இங்கிலாந்தின் வடக்கே இருக்கிற இந்தச் சின்ன ஊருக்கு நாங்கள் வந்து இந்த மார்ச்சோடு ஏழு வருஷம் முடிகிறது. வந்த புதிதில் வீட்டுக்கு வந்த தாள்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேஸுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, பல் டாக்டருக்கு ஒன்று, குப்பைத் தொட்டியின் நிறம் மாறியதற்கு ஒன்று. ஆம்பூரில் ஒரு வருஷத்தில் எனக்கு வந்த கடிதமெல்லாம் சேர்த்தாலும் இங்கே ஒரு வாரத்துக்கு ஈடாகாது. என் மனைவி மெர்சி நர்ஸ். அவள் சம்பாத்தியத்தில்தான் விசா கிடைத்தது, அவள் பின்னால்தான் நானும் ஏழு வயதுப் பிள்ளையும் வந்தோம். அவள் ஷிஃப்ட் முடிந்து வந்தால் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தபடியே தூங்கிவிடுவாள். நான் பத்தாவதோடு நின்றவன். என் இங்கிலீஷ், தோல் கம்பெனியில் சாயப் பீப்பாய்களின் மேல் ஒட்டியிருந்த லேபிள்களைப் படித்து வந்தது. ஆகவே எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதிலேயே பிரிசில்லா எங்கள் குடும்பத்துக்கு ஆபீஸ் ஆனாள்.

"அப்பா, இங்க போடுங்க. இங்க தேதி. இங்க ஒண்ணும் போடாதீங்க."

போடுவேன். அப்படி ஒரு நாள் நான் போட்ட கையெழுத்துகளில் ஒன்று, மாதாமாதம் தபாலில் வருகிற வாட்டர் கலர் பெட்டிக்குச் சந்தா என்பது, பெட்டி வாசலில் வந்து விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதல் பெட்டி சோதனைக்கு. பிடிக்காவிட்டால் பதினான்கு நாளில் திருப்பி அனுப்பலாம். பேர், விலாசம் எல்லாம் எனக்கே. திரு. சாமுவேல், ஓவியர் சங்கத்துக்கு நல்வரவு என்று மேலேயே அச்சடித்திருந்தான்.

2

பெட்டி வந்தது ஒரு திங்கட்கிழமை. அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம், சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணத்தின் கீழே கிடந்த இன்னொரு தாள்.

இங்கே பதினான்கு வயதில் பிள்ளைகள் பாடங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் ஒரு தாள் கொடுக்கும், அதில் கட்டம் கட்டமாகப் பாடங்கள் இருக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு டிக். கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரே ஒரு கோடு. வெள்ளிக்கிழமை கடைசி நாள். பிரிசில்லாவின் தாளில் மூன்றாவது சயின்ஸும் ஓவியமும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருந்தன. இரண்டில் ஒன்றுதான்.

மெர்சிக்கு அதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. "மூணு சயின்ஸும் எடுத்தா டாக்டர் வரைக்கும் கதவு தொறந்திருக்கும். படம் வரைஞ்சா இன்னா ஆவும்? சுவத்துல மாட்டலாம்."

"மிஸ் சொன்னாங்கம்மா, ரெண்டு சயின்ஸ் எப்படியும் இருக்கும்னு."

"மிஸ் சொல்லுவாங்க. மிஸ்ஸுக்கா விசா ரின்யூ பண்ணணும்?"

எங்கள் பெண் சண்டை போடுகிற ஜாதி இல்லை. எழுந்து போய்விட்டாள். தாளை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். எனக்கு அதுதான் உறுத்தியது. அவள் நினைத்திருந்தால் அதைப் பல் டாக்டர் தாளுக்கும் தண்ணீர் பில்லுக்கும் நடுவில் செருகி, "அப்பா, இங்க போடுங்க" என்று சொல்லியிருக்கலாம். நானும் போட்டிருப்பேன். வாட்டர் கலர் பெட்டிக்கு அந்தத் தந்திரம் பண்ணினவள் இதற்குப் பண்ணவில்லை.

மெர்சி சொல்வதிலும் தப்பில்லை. பாகாயத்தில் நர்சிங் படித்துவிட்டு வந்து, வேலூரில் வார்டு வார்டாக நின்று, அந்த நின்ற காலின் பலத்தில் எங்கள் எல்லாரையும் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள். அவளுக்குத் தெரிந்த ஒரே ஏணி அது. அந்த ஏணியில் நானும் ஏறினவன்தானே, குறை சொல்ல எனக்கு வாய் ஏது?

"நீங்க இன்னா சொல்றீங்க?" என்றாள் என்னிடம்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கில்ல" என்றேன். கோழைக்கு எப்போதும் வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கும்.

3

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. துவைத்து வருகிற படுக்கை விரிப்பில் கறை போயிருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பது. நாள் முழுக்க வெள்ளை, வெள்ளை, வெள்ளை. வீட்டில் யாருமில்லை. திருப்பி அனுப்புவதற்கு முன் என்னதான் இருக்கிறது என்று பார்க்கலாமே என்று பெட்டியைப் பிரித்தேன்.

விரலளவுக்கு ஆறு ட்யூப். மஞ்சள் இரண்டு, நீலம் இரண்டு, சிவப்பு ஒன்று, செம்மண் நிறத்தில் ஒரு பழுப்பு. இரண்டு தூரிகை, ஒன்று உருண்டை, ஒன்று பட்டை. பன்னிரண்டு தாள் கொண்ட ஒரு கட்டு. தாள் என்றால் நாம் நினைக்கிற தாள் இல்லை, செருப்புக்கு உள்ளங்காலாக வைக்கலாம் போல அத்தனை தடிமன், மேலே சன்னமாகச் சொரசொரப்பு. அப்புறம் ஒரு பேரிக்காய் வரைவது எப்படி என்று எட்டுப் படிகளில் ஒரு பாடம்.

ஒரு ட்யூப் மூடியைத் திறந்தேன். பசை கலந்த சாயத்தின் வாசனை. அவ்வளவுதான், நான் ஆம்பூரில் இருந்தேன்.

இங்கே கிளம்புகிற வரைக்கும், பதினோரு வருஷம், நான் அங்கே ஒரு தோல் கம்பெனியில் பினிஷிங் செக்‌ஷனில் கலர் மேட்சிங் வேலை பார்த்தவன். வெளிநாட்டு ஷூ கம்பெனிக்காரன் கை அகலத்துக்கு ஒரு தோல் துண்டு அனுப்புவான். அதே நிறம் நம்முடைய தோலில் வர வேண்டும். என்னோடு தஸ்தகீர் என்று ஒருத்தன், என் வயதுக்காரன். நான் கலப்பேன், அவன் ஸ்ப்ரே அடிப்பான். வேலை பார்த்துக்கொண்டே அவன் பேசுகிற பேச்சுக்காகவே அந்தக் கம்பெனியில் பத்து வருஷம் கூடுதலாக இருக்கலாம்.

"தண்ணி ஜாஸ்தி ஊத்தாதப்பா சாமு, கலருக்கு ரோஷம் போயிடும்" என்பான். ஒரு பழுப்பு சரியாக வராவிட்டால், "இது மாமியார் வூட்டுக்கு வந்த மாப்ள மாதிரி முறைச்சிக்கினு நிக்குது, கொஞ்சம் மஞ்சள் காட்டு, சிரிக்கும்" என்பான். காட்டுவேன். சிரிக்கும்.

இதையெல்லாம் நான் பிரிசில்லாவிடம் சொன்னதே இல்லை. அப்பா ஊரில் கம்பெனியில் வேலை பார்த்தார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். கல்யாணத்தின்போது மெர்சி வீட்டில் ஒரு பெரியம்மா என் கையைப் பார்த்துவிட்டு, நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, "சோப்பு போட்டா போவுமா இது?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து யாராவது கேட்டால் 'கம்பெனி' என்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இங்கே வந்து வேலை தேடித் தரும் ஆபீஸில் மட்டும் துணிந்து 'கலர் மாஸ்டர்' என்று எழுதினேன். அங்கிருந்த பெண் தலைமுடிக்கா சுவருக்கா என்று கேட்டாள். தோலுக்கு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அதோடு நானும் போய்விட்டேன்.

4

பேரிக்காய் பாடத்தைப் படித்தேன். சிரிப்பு வந்தது. பச்சை கலக்க ஒரு படி, பழுப்பு கலக்க ஒரு படி. நமக்கா? தூரிகையை நனைத்தேன்.

எங்கள் தொழிலில் முதல் விதி, தோல் தெரியக் கூடாது. ஆட்டுத் தோலில் முள்வேலி கிழித்த கோடு இருக்கும், உண்ணி கடித்த புள்ளி இருக்கும், வியாபாரி போட்ட சூட்டுத் தழும்பு இருக்கும். அடியில் ஒரு கோட்டிங், மேலே ஒரு கோட்டிங், அதன் மேல் இன்னொன்று. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சீராக. அந்த ஆட்டுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்பதே தெரியாமல் மூடிவிட வேண்டும். கை அதற்குத்தான் பழகியிருந்தது. சிவப்பையும் பழுப்பையும் கலந்து, தாள் முழுக்க ஒரு மூலை விடாமல் ஒரு கோட்டிங் அடித்தேன். காயவைத்தேன். இன்னொன்று அடித்தேன். ட்யூபை அடியிலிருந்து பிதுக்கினேன். அதன் மேல் பேரிக்காயை ஏற்றினேன்.

கடைசிப் படி, பழத்தின் மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பளபளப்பு. வெள்ளையைத் தேடினேன். இல்லை. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கறுப்பு இல்லாதது எனக்குப் பொருட்டே இல்லை, நீலத்தோடு பழுப்பைச் சேர்த்தால் எந்தக் கறுப்பும் வரும். ஆனால் வெள்ளை? உலகத்தில் எதைக் கலந்தாலும் வராத நிறம் அது. அதைப் போய் மறந்திருக்கிறார்களே!

பெட்டியோடு வந்த நோட்டீஸில் இருந்த நம்பருக்கு போன் செய்தேன். ஏழு வருஷத்தில் நானே நம்பரை அழுத்தி, நானே இங்கிலீஷில் புகார் செய்தது அதுதான் முதல் தடவை. இசை கேட்டேன். ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், மூன்றை அழுத்தச் சொன்னார்கள். கடைசியில் வயதான ஒரு பெண் குரல் வந்தது.

பெட்டியில் வெள்ளை இல்லை என்றேன். வாட்டர் கலரில் வெள்ளை கிடையாதே என்றார். அம்மா, நான் பதினோரு வருஷம் தோலுக்குக் கலர் கலந்தவன், வெள்ளை இல்லாமல் எந்த ஷேடும் கிடையாது, எனக்குத் தெரியும் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். பிறகு அவர் சொன்னார், இந்த ஊர்க்காரர்கள் யாரையும் கூப்பிடுகிற மாதிரி என்னை 'லவ்' என்று கூப்பிட்டு, மெதுவாக, என் இங்கிலீஷுக்கு இரக்கப்பட்டு ஒவ்வொரு சொல்லாக: அந்தத் தாள்தான் உங்கள் வெள்ளை. வெள்ளை எங்கே வேண்டுமோ அங்கே நீங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட வேண்டும்.

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். திரும்பினால் சமையலறை வாசலில் பிரிசில்லா, தோளில் பையோடு. பள்ளிக்கூடம் விட்டுவிட்டது எனக்குத் தெரியவில்லை.

"லெவன் இயர்ஸ்?" என்றாள்.

"தோலுக்கு கலர்? நீங்களா? ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"அது... நாத்தம் புடிச்ச வேலைம்மா. சொல்ல இன்னா இருக்கு?"

அவள் மேசைக்கு வந்து என் படத்தைப் பார்த்தாள். தாள் நனைந்து சுருண்டு அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. ஓரம் தெரியாமல் மூடிய, பளபளவென்று காய்ந்த பழுப்பு. நடுவில் அதே பழுப்பில் ஏதோ ஒரு வீக்கம்.

"அப்பா, பேரிக்காய் சொன்னாங்க. நீங்க ஷூ பண்ணியிருக்கீங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

5

அன்று சாயங்காலம் அவளிடம் எல்லாம் சொன்னேன், ஒரு விஷயத்தையும் மூடாமல். டியூப் லைட் கதையையும் சொன்னேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு நாள். ஒட்டக நிறத்துக்கும் வாடின ரோஜாவுக்கும் நடுவில் ஒரு ஷேடு கேட்டிருந்தான் ஷூ கம்பெனிக்காரன். எங்கள் செக்‌ஷனில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. வடக்கு வெளிச்சத்தில் வெயில் நேராக விழாது, நிறம் பொய் சொல்லாது. துண்டை அங்கே கொண்டுபோய்ப் பார்த்துத்தான் சரி சொல்ல வேண்டும். அன்று வானம் கறுத்து இறங்கியிருந்தது. ஜன்னலில் வைத்தால் எல்லாமே இருட்டாகத் தெரிந்தது. எனக்கு அவசரம். டியூப் லைட்டின் கீழே வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. அடிக்கச் சொல்லிவிட்டேன். தஸ்தகீர் நாள் முழுக்க அடித்தான்.

அடுத்த நாள் வெயில் வந்தது. ஜன்னலில் வைத்தால் அத்தனை தோலும் பச்சை பாய்ந்து நிற்கிறது, உடம்பு சரியில்லாத ஆள் மாதிரி. இரண்டு விளக்குக்கு இரண்டு முகம் காட்டுகிற கலவை அது. மேனேஜர் வந்தார். யார் ஓகே சொன்னது என்றார். சொன்னவனுக்கு அன்றோடு வேலை போகும், அது எல்லாருக்கும் தெரியும். என் வீட்டில் கைக்குழந்தை.

நான் வாயைத் திறப்பதற்குள் தஸ்தகீர் சொன்னான்: "ரெண்டு பேருந்தான் சார் பாத்தோம். எனக்கும் சரியாத்தான் தெரிஞ்சிது."

அவன் பார்க்கவே இல்லை. அடிக்கச் சொன்னால் அவன் அடிப்பான், பார்ப்பது என் வேலை. இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்பினால் செக்‌ஷன் நின்றுவிடும். மேனேஜர் திட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் உட்கார்ந்து அத்தனை தோலையும் மறுபடி செய்தோம். வெள்ளிக்கிழமை அவன் ஜும்மாவுக்குப் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை.

"ஏண்டா அப்படி சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ பூட்டா எவனோ ஒரு புதுசு வருவான். அவனாண்ட எம் பேச்செல்லாம் முதல்லேர்ந்து சொல்லணும். பேஜார்ப்பா" என்றான்.

ஷேடு சரியாக வந்ததும் அந்தத் துண்டை இரண்டாக வெட்டுவது எங்கள் வழக்கம். பாதி ஷூ கம்பெனிக்காரனுக்கு, பாதி எங்களுக்கு. சரக்கு போய்ச் சேர்ந்ததும் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். நான் இங்கே கிளம்பின அன்று, கம்பெனியில் கிடந்த, அந்த மழைக்கால ஷேடின் பாதியைத் தஸ்தகீர் எடுத்து வந்து, கத்தரியால் இன்னும் இரண்டாக வெட்டி ஒன்றை என் பர்ஸில் வைத்தான், மற்றதை அவன் வைத்துக்கொண்டான். ஏழு வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது.

அதை எடுத்து பிரிசில்லாவிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

6

வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவளே கேட்டாள்.

"அப்பா, அந்த லெதர் குடுங்க. நான் மேட்ச் பண்றேன்."

"இதுல இருக்கிற ஆறு கலர்லயா? வராதும்மா."

"குடுங்களேன்."

கொடுத்தேன். சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். மேலே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. எதிரே பாத்திரம் கழுவுகிற சாக்கில் நான். பேசக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அது எனக்கு எத்தனை கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மஞ்சளில் ஆரம்பித்தாள். பழுப்பு. சிவப்பு ட்யூபை அழுத்தினாள், உருட்டினாள், மறுபடி அழுத்தினாள். நீலத்தைத் தூரிகை நுனியில் ஊசி அளவுக்குத் தொட்டாள். விரலகலத்துக்கு ஒரு பட்டை தீட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். என்னையறியாமல், "வந்துடுச்சே!" என்றேன்.

"இல்லப்பா. ஈரமா இருக்கு. காஞ்சா வெளுத்துடும்."

சரிதான். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காய்ந்தது, வெளுத்தது. இன்னொரு பட்டை, கொஞ்சம் அடர்த்தியாக. இன்னொன்று. ஐந்தாவது பட்டை காய்ந்ததும் தோல் துண்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். டியூப் லைட்டின் கீழே இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. என் கண்ணுக்கு அதில் குறையே இல்லை.

அவள் தலையைச் சாய்த்தாள். எழுந்தாள். தாளையும் தோலையும் எடுத்துக்கொண்டு பின்பக்க ஜன்னலுக்குப் போனாள். அங்கே வெயில் கிடையாது. இந்த ஊரில் எங்கேயும் கிடையாது. நாலு மணி வானம், கழுவின ஸ்லேட் மாதிரி. அந்த வெளிச்சத்தில் இரண்டையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் கதை சொல்லியிருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் கேட்டதைச் செய்து பார்ப்பதற்கும், பொருந்தியதைச் சந்தேகப்படுவதற்கும் வித்தியாசம் உண்டு. பொருந்தியதும் சந்தோஷத்தில் நின்றுவிட்டவன் நான்.

அந்த நேரம் பார்த்து முன்கதவு திறந்தது. மெர்சி, ஷிஃப்ட் முடிந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். ஜன்னலில் நிற்கிற மகளைப் பார்த்தாள்.

"இன்னா பண்றா இவ?"

"கலர் பாக்கறா" என்றேன்.

"ஏன் அங்க போய் பாக்கறா? இங்க லைட்டு எரியுதில்ல?"

பிரிசில்லா திரும்பவேயில்லை. "இந்த லைட்ல நல்லாதான் தெரியும்மா. அதான் நம்ப முடியல."

மெர்சி கோட்டோடேயே போய் அவள் பக்கத்தில் நின்றாள். என்னிடம் பேசுகிற மாதிரி, ஆனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காமாலை பாக்கறப்ப நாங்க அப்படித்தான் பண்ணுவோம். டியூப் லைட்ல கண்ணு வெள்ளையாத்தான் இருக்கும். ஜன்னலாண்ட கூட்டினு வந்து பாத்தாத்தான் மஞ்சள் தெரியும். புதுசா வர பொண்ணுங்களுக்கு இதைச் சொல்லி சொல்லி எனக்கு வாய் வலிக்குது. ஒண்ணும் பழக மாட்டேங்குது."

பிறகு மகளிடம்: "எங்க, காட்டு."

பிரிசில்லா கொடுத்தாள். மெர்சி தாளையும் தோலையும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். வார்டில் ஒரு நோயாளியைப் பார்க்கிற அதே பார்வை. ஏழு வருஷமாக, ஏன், கல்யாணமானதிலிருந்து, என் தொழிலை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டு சயின்ஸ் எப்படியும் இருக்குமில்ல?" என்றாள்.

"இருக்கும்மா."

"அப்புறமா நர்சிங்குக்கு போறேன்னு சொன்னாக்கூட அது போதுமில்ல?"

"போதும்மா."

"நீ சொல்ல மாட்டதான். இருந்தாலும் கேட்டு வச்சிக்கறேன்." கோட்டுப் பையிலிருந்து, வார்டில் குத்தி வைத்திருக்கிற பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். "போடுங்க. ஒரே கோடுதான் இருக்கு, நீங்க போட்டுடுங்க. வேணாம், முதல்ல அவ டிக் போடட்டும். நீங்க பாட்டுக்கு எதுக்கோ போட்டுடுவீங்க."

பிரிசில்லா டிக் போட்டாள். நான் போட்டேன். எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. பரவாயில்லை.

அதன் பிறகு ஒரு வேலை பாக்கி இருந்தது. கத்தரிக்கோல் கேட்டேன். அந்த ஐந்தாவது பட்டையை நடுவில் வெட்டினேன். பாதி பிரிசில்லாவுக்கு. மறு பாதியை ஒரு கவரில் போட்டு ஆம்பூர் விலாசம் எழுதினேன்.

7

நன்றி சொல்ல வேண்டியவர்கள் என்று எண்ணத் தொடங்கினால் எனக்கு நீளமாகத்தான் வருகிறது. பேசுகிறவன் எழுத உட்கார்ந்தால் அப்படித்தான். வெள்ளை இல்லை என்று புகார் சொன்னவனைச் சிரிக்காமல் திருத்தின அந்தப் போன் அம்மா இருக்கிறார். அவருக்கு என் பேர்கூடத் தெரியாது. என் வேலையைக் காப்பாற்றியதற்கு, 'பேஜார்' என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியாத தஸ்தகீர் இருக்கிறான். கோட்டைக் கழற்றாமல் ஜன்னலுக்குப் போன மெர்சி இருக்கிறாள்.

இந்த வானத்துக்கும் சொல்ல வேண்டும். நம் ஊர் ஆட்கள் இங்கே கூடினால் முதல் பேச்சு இதுதான்: வெயிலே இல்லை, எப்போது பார் ஒரே சாம்பல், மனசு பிடிக்கவில்லை. நானும் ஏழு வருஷம் அதையேதான் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. ஆம்பூரில் நிறம் பார்ப்பதற்காக ஒரே ஒரு ஜன்னலை வடக்குப் பார்த்து வைத்திருந்தோம். இங்கே ஊர் முழுக்க அந்த ஜன்னல் வெளிச்சம்தான். எந்தத் தெருவில் எந்தத் துண்டை எடுத்துப் பிடித்தாலும் நிறம் பொய் சொல்லாது. என்னை மாதிரி ஒருவன் இந்த ஊரில் வந்து விழுந்ததற்கு நான் என்றைக்கோ சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

பேரிக்காயை மறுபடி வரைந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பு வேண்டிய இடத்தைத் தொடாமல் விடுவதுதான் எட்டுப் படியிலும் கஷ்டமான படி. கை தானாக அங்கே போகிறது. மூன்றாவது தாளில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு இடம் விட முடிந்தது. பிரிசில்லா அதைப் பார்த்து, "இப்ப பேரிக்காய்" என்றாள். குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தஸ்தகீர் போன் செய்தான். கவர் வந்துவிட்டது என்றான்.

"ஜன்னலாண்ட வச்சு பாத்தியா?"

"வேற எங்க வச்சு பாப்பாங்க? எங்கிட்டயேவா!" போனைப் பிடித்துக்கொண்டு, பழைய மேனேஜர் முன்னால் நிற்கிற மாதிரி நின்றேன். "ஷேடு வந்திருக்குப்பா. பேப்பர்ல இந்த ஷேடு வரும்னு நான் நெனைக்கல. உம் பொண்ணா பண்ணிச்சு?"

"அவதான். நான் வாயே தொறக்கல."

"நீயா? வாயே தொறக்கலயா?" சிரித்தான். "ஆனா சாமு, ஒண்ணு சொல்லணும். செவப்பு ஒரு நூல் கம்மி. ஒரே ஒரு நூல்தான். பொண்ணுகிட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படும்."

போனை வைத்துவிட்டு என் துண்டை எடுத்தேன், அவளுடைய பாதியையும் எடுத்தேன். பின்பக்க ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. ஏழு வருஷம் படுக்கை விரிப்பு பார்த்த கண்.

சொல்லாதே என்று யாராவது சொன்னால் அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. பிரிசில்லாவிடம் சொன்னேன், பதமாக, சுற்றி வளைத்து.

அவள் புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"தெரியும்ப்பா. அன்னிக்கே தெரியும். ட்யூப்ல ரெட் இல்ல. நீங்கதான் மொத்தத்தையும் உங்க ஷூவுக்கு அடிச்சிட்டீங்களே."

அடுத்த பெட்டி வர இன்னும் ஒன்பது நாள். அதை அப்பா பிரிக்கக் கூடாது, பிரித்தாலும் சிவப்பைத் தொடக் கூடாது என்று குளிர்ப்பெட்டிக் கதவில், பேரிக்காய்க்குப் பக்கத்தில், ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கீழே மூன்று கோடு. பிரிசில்லா போட்டுவிட்டாள், மெர்சியும் போட்டுவிட்டாள். மூன்றாவது கோட்டில் இன்று காலை நான் போட்டேன். இந்தத் தடவை முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.